இளையோர் இல்லத்தில் சான்று சார்ந்த நடைமுறை: எதிலிருந்து தொடங்குவது?

இல்லப்பொறுப்பு எழுதியது:

வணக்கம். 13 முதல் 17 வயதுவரை 20 பிள்ளைகள் தங்கும் இல்லம். பகல், மாலை, இரவு என மூன்று ஷிப்ட். "வரும் ஆண்டுமுதல் எல்லாம் சான்று சார்ந்த நடைமுறையாக இருக்க வேண்டும்" என்று நிர்வாகக் குழு தீர்மானம் போட்டிருக்கிறது. அதற்கு மேல் தீர்மானத்தில் விவரம் எதுவும் இல்லை.

இப்போது கையில் இருப்பவை: புள்ளி முறை (நல்லதற்குப் புள்ளி, தவறுக்குக் கழிவு, மொத்தத்தைப் பொறுத்து நான்கு நிலைகள், நிலைக்கேற்ற சலுகைகள்), ஒரு சம்பவப் பதிவேடு, வாரம் ஒருமுறை வரும் கவுன்சிலர். அடிக்கடி நடப்பவை: மாலைச் சண்டைகள், சொல்லாமல் வெளியேறுதல், பணியாளர்மேல் கை ஓங்குதல்.

பெயர்பெற்ற திட்டம் ஒன்றை எடுத்துப் பயிற்சி கொடுத்துவிட்டால் போதுமா? புள்ளி முறையை என்ன செய்வது? எதை அளப்பது, எவ்வளவு எழுதுவது? ஏற்கெனவே எழுத்து வேலை அதிகம் என்று பணியாளர்கள் சொல்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது.

உளவியல்மேசை எழுதியது:

முதலில் திட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அப்புறம் அதற்கேற்ற பிரச்சினையைத் தேடுவதுதான் பல இடங்களில் நடக்கிறது. உங்கள் பிரச்சினையிலிருந்து தொடங்குங்கள். 1996-ல் மருத்துவர் டேவிட் சாக்கெட்டும் அவருடைய சகாக்களும் மருத்துவத்துக்காக எழுதிய விளக்கம்தான் நம் துறைக்கும் வந்தது. கிடைக்கிற சிறந்த ஆய்வு, களத்தில் வேலை செய்பவரின் தேர்ச்சி, உதவி பெறுபவரின் விருப்பம் ஆகிய மூன்றும் சேர வேண்டும். இல்லங்களில் முதலில் விடுபடுவது மூன்றாவதுதான். பிள்ளைகளைக் கேட்காமல் வகுத்த விதியை மாலை ஷிப்டில் இருப்பவர் தனியாக நின்று அமல்படுத்த வேண்டியிருக்கிறது.

பெயர்பெற்ற திட்டங்கள் வீண் என்று சொல்லவில்லை. 1967-ல் அமெரிக்காவின் கான்சாஸில் தொடங்கிய டீச்சிங்-ஃபேமிலி முறை நிறைய மதிப்பிடப்பட்டது. சிறிய குழு, கூடவே வாழும் பெரியவர்கள், அன்றாட வேலைகளின் ஊடே சமூகத் திறன்களைக் கற்றுக்கொடுத்தல் என்பது அதன் அமைப்பு. ஆரம்பகால மதிப்பீடுகளில், பிள்ளைகள் இல்லத்தில் இருக்கும்வரை முன்னேற்றம் தெரிந்தது, வெளியேறிய பிறகு மற்ற இல்லப் பிள்ளைகளோடு இருந்த வேறுபாடு நிலைக்கவில்லை. இதை உங்கள் குழு கவனிக்க வேண்டும், ஏனென்றால் இல்லத்துக்குள்ளே மட்டும் அளந்தால் எந்தத் திட்டமும் நன்றாகத்தான் தெரியும்.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் கேர் என்ற முறை, தனித்தனிப் பிள்ளைக்குச் சிகிச்சை தருவதைவிட இல்லத்தின் அன்றாட நடப்பையே மாற்ற முயல்கிறது. உறவு, வளர்ச்சி நிலை, குடும்ப ஈடுபாடு, திறன், கடந்தகால அதிர்ச்சி பற்றிய புரிதல், சூழல் என்று ஆறு கொள்கைகள். 2016-ல் வெளியான ஆய்வில், இதைச் செயல்படுத்திய இல்லங்களில் பணியாளர்மேல் தாக்குதல், பொருள்களை உடைத்தல், ஓடிப்போதல் மூன்றும் குறைந்தன. நீங்கள் சொன்ன பிரச்சினைகளில் இரண்டு இதில் வருகின்றன. ஆனால் அது ஒருவாரப் பயிற்சியில் வந்த மாற்றம் இல்லை. மேலாளர்கள் தொடங்கி எல்லா நிலையிலும் ஆண்டுக்கணக்கில் நடந்த வேலை.

சான்றைப் படிக்கும்போது வயதையும் பாருங்கள். நிறுவனப் பராமரிப்புக்கு எதிராக அதிகம் மேற்கோள் காட்டப்படுவது 2000-ல் ருமேனியாவில் தொடங்கிய புக்காரெஸ்ட் ஆய்வு. அங்கே நிறுவனங்களில் இருந்த 136 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கும் வழக்கமான பராமரிப்புக்கும் பிரித்தார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகள் பலவற்றில் முந்தினார்கள். அதில் சேர்க்கப்பட்டவர்கள் ஏறத்தாழ இரண்டரை வயதுவரையிலான குழந்தைகள். சிறு குழந்தையை நிறுவனத்தில் வைக்கக் கூடாது என்பதற்கு அது மிக வலுவான சான்று. 16 வயதுப் பிள்ளைக்கு மாலை நேரத்தை எப்படி அமைப்பது என்பதற்கு அதில் பதில் இல்லை.

எது உதவும் என்பதைவிட எது கெடுக்கும் என்பதில் சான்று தெளிவாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. டிஷன், மெக்கார்ட், பூலின் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1999-ல் எழுதியது: நடத்தைச் சிக்கல் உள்ள பதின்ம வயதினரை ஒன்றாக உட்காரவைத்து நடத்திய சில தடுப்புத் திட்டங்கள் நடத்தையை மோசமாக்கின. விதி மீறிய கதையை ஒருவன் சொல்ல, மற்றவர்கள் சிரிக்க, அந்தச் சிரிப்பே பரிசாகிவிடுகிறது. எனவே கோப மேலாண்மை என்று பத்துப் பேரை வட்டமாக உட்காரவைக்கும் வகுப்பு இருந்தால் அதை முதலில் மறுபரிசீலனை செய்யுங்கள். குழு நடத்தியே ஆக வேண்டுமென்றால் சிறியதாக, பயிற்சி பெற்ற இரண்டு பெரியவர்களோடு, பேச்சு போகும் திசையைக் கவனித்து நடத்துங்கள்.

கடைசியாக, கவுன்சிலர் பற்றி. அதிர்ச்சிக்கு ஆளான பிள்ளைகளுக்கு டிஎஃப்-சிபிடி (அதிர்ச்சியை மையமாக வைத்து எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சை) என்ற சிகிச்சைக்கு நல்ல சான்று உண்டு. 3 முதல் 18 வயது, வழக்கமாக 12 முதல் 16 அமர்வுகள். பராமரிப்பவரும் பங்கேற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. இல்லத்தில் அந்த இடம் பெரும்பாலும் காலியாக இருக்கும், அல்லது அன்றைக்கு டியூட்டியில் இருப்பவர் போய் உட்காருவார். ஒரு பிள்ளைக்கு ஒரே பணியாளர் என்று முன்கூட்டியே குறித்து, சிகிச்சை முடியும்வரை அவருடைய ஷிப்டை அதற்கேற்ப வையுங்கள். நடந்ததை விவரிக்கச் சொல்லும் பகுதி சிகிச்சையாளருக்கு மட்டும் உரியது, பணியாளர்கள் அதைத் துருவக் கூடாது.

மாலைஷிப்ட் எழுதியது:

அளப்பதற்கு முன்னால் பதிவேடு சரியாக இருக்க வேண்டும். "காரணமே இல்லாமல் கத்தினான், நாற்காலியை எறிந்தான், எச்சரிக்கப்பட்டான்" என்று எழுதினால் அதிலிருந்து ஒன்றும் கற்க முடியாது. முன் நடந்தது, நடத்தை, பின் நடந்தது என்று மூன்று பகுதியாக, கேமரா பார்த்தால் என்ன தெரியுமோ அதை மட்டும் எழுதப் பழக்குங்கள். மாதிரி:

"மாலை 7:40, கூடம். போன் நேரம் முடியப்போகிறது என்று முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. பணியாளர், மற்ற நால்வர் பார்க்க, 'போனைக் குடு' என்றார். 'அம்மா லைன்ல இருக்காங்க' என்றான். பணியாளர் கையை நீட்டினார். அவன் நாற்காலியைத் தள்ளினான், சுவரில் பட்டது. யாருக்கும் அடியில்லை. பணியாளர் விலகிப்போனார். மேலும் 6 நிமிடம் பேசிவிட்டுப் போனை மேசையில் வைத்தான்."

எழுத நான்கு நிமிடம் ஆகும். இப்போது பாருங்கள்: முன்னறிவிப்பு இல்லை. பலர் முன்னிலையில் கேட்டது. நாற்காலியைத் தள்ளியதும் 6 நிமிடம் கிடைத்தது, அதாவது தள்ளியது பலித்தது. அடுத்த முறையும் தள்ளுவான். தீர்வு தண்டனையில் இல்லை. 5 நிமிடத்திலும் 2 நிமிடத்திலும் அருகில் போய் மெதுவாகச் சொல்வது, வீட்டோடு பேசும் நேரத்தைப் பொழுதுபோக்குப் போன் நேரத்தில் கழிக்காமல் தனியாக வைப்பது. இரண்டுக்கும் செலவே இல்லை. ஒருவகைச் சம்பவம் பத்துப் பதினைந்து சேர்ந்ததும் ஒன்றாக வைத்துப் படித்தால், எதைப் பெறுவதற்காக அல்லது எதிலிருந்து தப்புவதற்காக அது நடக்கிறது என்பது தானாகத் தெரியும்.

மாலைச் சண்டைக்கு இன்னொரு இடத்தைப் பாருங்கள்: ஷிப்ட் மாற்றம். பள்ளியிலிருந்து பிள்ளைகள் திரும்பும் நேரமும் ஒப்படைப்பு நேரமும் ஒன்றாக விழுந்தால், இரண்டு ஷிப்ட் பணியாளர்களும் அலுவலக அறைக்குள் இருப்பார்கள், கூடத்தில் பெரியவர் யாரும் இருக்கமாட்டார்கள். மேலே உளவியல்மேசை சொன்ன சிரிப்புப் பரிசு இந்த நேரத்தில்தான் தாராளமாகக் கிடைக்கும். ஒப்படைப்பைப் பள்ளி விடும் முன்பே முடியுங்கள். முடியாவிட்டால் ஒருவர் மட்டும் ஒப்படைக்க, மற்றவர் கூடத்திலேயே இருக்கட்டும். ஒப்படைப்பு 15 நிமிடம் போதும்: ஒவ்வொரு பிள்ளைக்கும் இன்று என்ன நடந்தது, எதற்காகக் காத்திருக்கிறான் (வீட்டுப் போன், தேர்வு முடிவு, விசாரணைத் தேதி), இன்று மாலை யார் அவனோடு பேசப்போகிறார். இந்த மூன்றாவது இல்லாவிட்டால் ஒப்படைப்பு வெறும் செய்தி வாசிப்புதான்.

கணக்கும்கவனிப்பும் எழுதியது:

அளவு விஷயத்தில் பெரும்பாலான இல்லங்கள் மாட்டிக்கொள்ளும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். "போன மாதம் 9 சம்பவம், இந்த மாதம் 8, குறைந்திருக்கிறது" என்று அறிக்கை போகும். போன மாதம் 20 பிள்ளைகள் 30 நாள் இருந்தார்கள் என்றால் 600 பிள்ளை-நாள்கள், ஆயிரத்துக்கு 15. இந்த மாதம் நான்கு பேர் வீட்டுக்குப் போய்விட்டு 16 பேர் இருந்தால் 480 பிள்ளை-நாள்கள், ஆயிரத்துக்கு 16.7. எண்ணிக்கை இறங்கியிருக்கிறது, விகிதம் ஏறியிருக்கிறது. எப்போதும் ஆயிரம் பிள்ளை-நாளுக்கு எத்தனை என்றே எழுதுங்கள்.

அதற்கு முன்னால் வரையறை. "தாக்குதல்" என்றால் கை படவேண்டுமா, ஓங்கினாலே போதுமா? பொருளை எறிந்து குறி தவறினால்? ஒரு பக்கத்தில் எழுதி, பழைய பதிவுகளில் 20-ஐ எடுத்து, இரண்டு பணியாளர்களைத் தனித்தனியாக வகைப்படுத்தச் சொல்லுங்கள். 16-லாவது ஒத்துப்போக வேண்டும் (80 சதவீதம்). ஒத்துப்போகாவிட்டால் குறை வரையறையில்தான், அதைத் திருத்துங்கள். இது இல்லாமல் வரைந்த வரைபடம், அந்த வாரம் யார் டியூட்டியில் இருந்தார் என்பதைத்தான் காட்டும்.

பிறகு வாராந்தர ஓட்ட வரைபடம். எதையும் மாற்றாமல் 12 வாரம், வாரத்துக்கு ஒன்றாக அந்த வார விகிதத்தைப் புள்ளியாகக் குறித்து, நடுவெண்ணில் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) ஒரு கோடு போடுங்கள். அதற்கப்புறம் ஒரே ஒரு மாற்றம். போன் முன்னறிவிப்பையும் ஒப்படைப்பு நேரத்தையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. தொடர்ந்து 6 புள்ளிகள் கோட்டுக்கு ஒரே பக்கம் விழுந்தால் உண்மையான மாற்றம் என்று எடுத்துக்கொள்ளலாம் (கோட்டின் மேலேயே விழும் புள்ளியை எண்ணவேண்டாம்). ஒரு வாரம் இறங்கியதற்கு இனிப்பு வழங்குவதும், ஒரு வாரம் ஏறியதற்குக் கூட்டம் போட்டுத் திட்டுவதும் வேண்டாம். ஓடிப்போதல் போல அரிதாக நடப்பதற்கு இந்த வரைபடம் பயன்படாது, பாதி வாரம் சுழியமாக இருக்கும். அதற்கு ஒரு சம்பவத்துக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை நாள் என்று குறியுங்கள்.

சம்பவ எண்ணிக்கையை வைத்துப் பணியாளரை மதிப்பிடத் தொடங்கிய நாளிலிருந்து பதிவு குறையும், சம்பவம் குறையாது. முதலுதவிப் பதிவேட்டையும் உடைந்த பொருள் கணக்கையும் மாதம் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். காயம் அதே அளவில் இருந்து சம்பவம் மட்டும் குறைந்தால் என்ன நடக்கிறது என்று புரியும்.

பிள்ளைகளின் நிலையை அளக்க எஸ்.டி.க்யூ. (பலங்களும் சிரமங்களும் பற்றிய வினாத்தாள்) என்ற 25 கேள்வித் தாள் போதும். 1997-ல் ராபர்ட் குட்மன் வெளியிட்டது. 11 முதல் 17 வயதுவரை தாங்களே நிரப்பும் வடிவமும் உண்டு. சிரம மதிப்பெண் 20 கேள்விகளிலிருந்து, 0 முதல் 40 வரை. மீதி 5 கேள்விகள் பிறருக்கு உதவும் குணம் பற்றியவை, அவற்றை மொத்தத்தில் கூட்டக் கூடாது (அடிக்கடி நடக்கும் பிழை). முதல்முறை நிரப்பிய பணியாளரே அடுத்த முறையும் நிரப்ப வேண்டும். ஆள் மாறினால் எண் மாறியதற்குப் பிள்ளை காரணமா, ஆள் காரணமா என்று பிரிக்க முடியாது. இன்னொன்று: பிள்ளைகள் மிக மோசமான கட்டத்தில்தான் இல்லத்துக்கு வருகிறார்கள். நீங்கள் ஒன்றுமே செய்யாவிட்டாலும் முதல் மதிப்பெண்ணிலிருந்து ஓரளவு இறங்கும். அந்த இறக்கத்தை இல்லத்தின் சாதனையாக எழுதாதீர்கள்.

பணியாளர் சொன்னதைச் செய்கிறார்களா என்பதையும் அளக்க வேண்டும், இதை யாரும் செய்வதில்லை. ஆறே வரி: 5 நிமிட முன்னறிவிப்பு தந்தாரா, அருகில் போய்ச் சொன்னாரா, குரல் உயராமல் சொன்னாரா, இரண்டு தெரிவுகள் தந்தாரா, பதிலுக்குக் காத்திருந்தாரா, ஒத்துழைத்ததும் அதைக் குறிப்பிட்டுப் பாராட்டினாரா. வாரத்தில் இருமுறை, 20 நிமிடம், ஆம்/இல்லை. முடிந்த அன்றே அவரிடம் உட்கார்ந்து பேச வேண்டும். பயிற்சி வகுப்பில் கற்றது, கூட நின்று திருத்தும் ஆள் இல்லாவிட்டால், வேலைக்குப் போய்ச் சேராது. ஆறில் மூன்றுதான் நடக்கிறது என்றால், "இந்த முறை பலிக்கவில்லை" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை, முறை இன்னும் தொடங்கவே இல்லை.

இல்லப்பொறுப்பு எழுதியது:

மிக்க நன்றி. பதிவேட்டு மாதிரியை அப்படியே பணியாளர் கூட்டத்துக்கு எடுத்துப்போகிறேன். இரண்டு கேள்விகள் மீதி. புள்ளி முறையை நிறுத்தினால் மாலையில் கையில் ஒன்றுமே இருக்காது என்று பணியாளர்கள் அஞ்சுகிறார்கள். அடுத்தது, சண்டையில் பிடித்து நிறுத்த வேண்டிய கட்டாயம் வரும்போது என்ன விதி வைப்பது?

உளவியல்மேசை எழுதியது:

புள்ளி முறையில் எனக்கு உடன்பாடு இல்லை, நிறுத்துங்கள் என்றே சொல்வேன். திங்கட்கிழமை காலையில் 40 புள்ளி இழந்த பிள்ளைக்கு அந்த வாரம் முழுக்க நன்றாக நடக்க ஒரு காரணமும் மிச்சமில்லை. அதைவிட அவசரமானது, நான்கு நிலைகளின் சலுகைப் பட்டியலை இன்றே எடுத்துப் பாருங்கள். வீட்டுக்குப் போன், உறவினர் சந்திப்பு, வீட்டு விடுப்பு மூன்றில் ஏதாவது ஒன்று அதில் இருந்தால் இன்றே நீக்குங்கள். ஐ.நா. பொதுச்சபை 2009 டிசம்பரில் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்கள் இதை நேராகச் சொல்கின்றன: குடும்பத்தோடும் பிள்ளைக்கு முக்கியமானவர்களோடும் உள்ள தொடர்பைத் தண்டனையாக ஒருபோதும் குறைக்கக் கூடாது. உணவும் உறக்கமும் சலுகை ஆகவே கூடாது.

கணக்கும்கவனிப்பும் எழுதியது:

குடும்பத் தொடர்பு விஷயத்தில் முழு உடன்பாடு. ஆனால் புள்ளி முறையை ஒரே நாளில் எடுத்தால் ஒழுங்கு குலையும், "சான்று" என்ற சொல்லின்மீதே பணியாளர்களுக்கு வெறுப்பு வரும். முதலில் கழிப்பதை மட்டும் நிறுத்துங்கள், சம்பாதித்த புள்ளி சம்பாதித்ததே. அடுத்து, புள்ளி தரும்போது எதற்கென்று அந்த நிமிடமே சொல்ல வேண்டும். "இன்று நல்லா இருந்த, 10 புள்ளி" என்று இரவில் கொடுப்பதில் கற்க ஒன்றுமில்லை. "அவன் சீண்டியும் எழுந்து இந்தப் பக்கம் வந்தாய், அதற்கு" என்று சொன்னால் பிள்ளைக்கு எது பலித்தது என்று தெரியும். அதன்பின் நிலைகளைக் கலையுங்கள். ஒவ்வொரு படிக்கும் நடுவில் வரைபடத்தைப் பாருங்கள். கழிவை நிறுத்தியதும் சம்பவங்கள் ஏறவில்லை என்பதைப் பணியாளர்கள் கண்ணால் பார்த்தால் அடுத்த படிக்கு அவர்களே வருவார்கள்.

மாலைஷிப்ட் எழுதியது:

பிடித்து நிறுத்துவது பற்றி. அதே ஐ.நா. வழிகாட்டுதல்களின்படி, பிள்ளையின் அல்லது பிறரின் உடல், மன நலனைக் காக்கத் தவிர்க்கவே முடியாதபோது மட்டும், சட்டத்துக்கு உட்பட்டு, தேவையான அளவுக்கு. சொல் கேட்கவில்லை, கெட்ட வார்த்தை பேசினான், அறைக்குப் போக மறுத்தான், பொருளை உடைத்தான் என்பவை காரணங்கள் ஆகா. அடக்குவதற்காக மருந்து கொடுப்பதும் நிபுணரின் பரிசோதனையும் பரிந்துரையும் இல்லாமல் கூடாது.

குப்புறக் கிடத்திப் பிடிப்பதை முழுவதுமாகத் தடை செய்யுங்கள். மார்பிலும் முதுகிலும் எடை விழுந்தால் மூச்சு நின்று உயிர் போகும். "பேசுகிறானே, அப்போ மூச்சு வருகிறது" என்று நினைப்பது மிக ஆபத்தான தவறு. இரண்டு சொல் கத்துமளவு காற்று இருந்தாலும் உடலுக்குத் தேவையான மூச்சு இல்லாமல் போகலாம். சாதாரணப் பிடியிலும் ஒருவர் பிடியில் கலந்துகொள்ளாமல் முகம், உதட்டு நிறம், மூச்சு மூன்றை மட்டும் பார்த்துக்கொண்டு, நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தோடு இருக்க வேண்டும். திடீரென்று அடங்கிப்போனால் அமைதியாகிவிட்டான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், உடனே விட்டுவிட்டு மூச்சைப் பாருங்கள். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி எடுக்காதவர் கை வைக்கக் கூடாது.

முடிந்ததும் இரண்டு கட்டம். உடனே: காயம் பார்த்தல், தண்ணீர், நம்பும் ஒருவர் அருகில் இருத்தல், பார்த்துக்கொண்டிருந்த மற்றப் பிள்ளைகளிடமும் பேசுதல். ஓரிரு நாளில்: சம்பவத்தில் இல்லாத ஒருவர் தலைமையில், நிமிடவாரியாகப் பின்னோக்கிப் படித்து, எந்த இடத்தில் வேறு மாதிரி செய்திருக்கலாம் என்று பார்ப்பது. பிள்ளையின் பக்கத்தை அவன் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். ஒவ்வொருவர் சேரும்போதே ஒரு பக்கத் தாள் அவனோடு உட்கார்ந்து நிரப்ப வேண்டும்: எது கோபத்தைக் கிளப்பும், கோபம் ஏறுவது வெளியில் எப்படித் தெரியும், அப்போது எது உதவும், எதைச் செய்யவே கூடாது. "பின்னாலிருந்து தோளைத் தொடக் கூடாது" என்று ஒருவன் எழுதியிருப்பதை எல்லா ஷிப்டும் படித்திருந்தால் பிடித்து நிறுத்த வேண்டிய நிலை பல நேரம் வரவே வராது. அந்தத் தாளை அலமாரியில் பூட்டாதீர்கள், ஒப்படைப்பு மேசையில் இருக்கட்டும்.

இல்லப்பொறுப்பு எழுதியது:

சலுகைப் பட்டியலைப் பார்த்தேன். ஞாயிறு வீட்டுப் போன் மூன்றாம் நிலைக்கு மேல் என்று இருந்தது. இன்றோடு எல்லோருக்கும் பொது. குழுவுக்கு அனுப்பும் அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

கணக்கும்கவனிப்பும் எழுதியது:

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரே பக்கம். பிள்ளையின் இடம் இன்னும் பொருத்தமானதா என்ற மறுஆய்வையும் முடிந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது செய்யச் சொல்கின்றன அந்த வழிகாட்டுதல்கள், எனவே இரண்டையும் ஒன்றாக வைக்கலாம். பக்கத்தில்: இரண்டு வரைபடங்கள், பிடித்து நிறுத்திய ஒவ்வொன்றும் எவ்வளவு நிமிடம், ஆறு வரிக் கவனிப்பின் சராசரி, வேலையை விட்டுப்போன பணியாளர் எண்ணிக்கை (இது ஏறினால் மற்ற எல்லாம் பின்னாலேயே ஏறும்), என்ன மாற்றினீர்கள், என்ன பலிக்கவில்லை. பிள்ளைகள் தாங்களே எழுதும் ஐந்து வரிக்கு இடம் விடுங்கள், அதைத் திருத்தாதீர்கள்.

அதோடு, வெளியேறியவர்களை 3, 6, 12 மாதங்களில் கூப்பிட்டுக் கேளுங்கள். எங்கே தங்குகிறாய், படிப்பா வேலையா, கஷ்டம் என்றால் யாரைக் கூப்பிடுவாய். கூப்பிடுவது அந்தப் பிள்ளையோடு நெருக்கமாக இருந்த பணியாளராக இருந்தால் எடுப்பார்கள், அலுவலக எண்ணிலிருந்து போனால் எடுக்கமாட்டார்கள். தொடர்பு கிடைக்காதவர்களை "தெரியவில்லை" என்று தனி வரியில் போடுங்கள், கணக்கிலிருந்து நீக்கிவிட்டால் நன்றாக இருப்பவர்கள் மட்டும்தான் மிஞ்சுவார்கள். எண்ணை வெளியேறும் வாரத்தில் வாங்காமல் ஒரு மாதம் முன்பே, கூடவே நம்பும் இன்னொருவரின் எண்ணையும் சேர்த்து, அவன் சம்மதத்தோடு வாங்கி வையுங்கள்.